கோடு இறங்கியவர்கள்

காலையில் எழுந்து மோட்டாரைப் போட்டேன். பல் தேய்த்தேன். மாடித் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினேன். பாக்கெட் மாவில் உப்புப் போட்டுக் கலக்கித் தோசை ஊற்றினேன். ஒன்று கருகியது. அதையும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன், காலர் முதலில், கை கடைசியில். சாமி அறையில் அத்தை பாராயணத்தில் இருந்தார். அது முடியும்வரை பேச மாட்டார். அத்தை என்றால் என் மனைவி கௌசிகாவின் அம்மா. சித்திரையில் அன்னூரிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்துகொள்கிறோம்.

ஒரு காலை ஷூவுக்குள் விட்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஓர் இளம்பெண். தலையில் முக்காடு, கையில் ஹெல்மெட், தோளில் லேப்டாப் பை.

"கௌசிகா மேடம் வீடுதானுங்களே சார்?"

"ஆமாங்க."

"மேடம் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"அடடா, வேலைக்குக் கிளம்பிட்டாங்களா? ஃபோன் போட்டேன், நம்பர் உபயோகத்துல இல்லைன்னு வருது. அதான் நேராவே வந்துட்டேன். எப்ப வருவாங்க?"

வேறு மாதிரி சொல்ல வழி தெரியவில்லை.

"வர மாட்டாங்க. இறந்துட்டாங்க. சித்திரையில."

அவள் தவறைத் திருத்துகிற குரலில் சொன்னாள். "இல்லீங்க சார். அவங்க டிஸ்சார்ஜ் ஆனாங்க."

"ஆமா. டிஸ்சார்ஜ் ஆகி, அதுக்கு மறுநாள்."

அவள் கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்து வராந்தாவில் உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

பெயர் ஷிபானா. கௌசிகா சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியில் கணிப்புப் பிரிவில் வேலை. தீவிர சிகிச்சை வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம் நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர். நர்ஸ்கள் ஜோசியர் என்பார்கள். 'இருங்க சார், ஜோசியர் என்ன சொல்றார்னு பாத்துட்டு வரேன்' என்று அங்கே இருந்த நாள்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதன் திரையில் ஒரு கோடு ஓடும். ஏறினால் எல்லோர் முகமும் இறுகும். இறங்கினால் டீ வரும்.

"மன்னிச்சிருங்க சார். எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதது பரவால்ல. ஆஸ்பத்திரிக்கே தெரியாதா?"

"வீட்டுல நடந்தது எப்படி சார் தெரியும்? யாராவது வந்து சொன்னாத்தானே?"

நாங்கள் சொல்லவில்லை. மாநகராட்சியில் சொன்னோம். கேஸ் ஏஜென்சியில் சொன்னோம். கௌசிகா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சொன்னோம். வைத்தியம் முடிந்து அனுப்பிவிட்ட ஆஸ்பத்திரியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஜோசியர்கிட்ட இன்னிக்கும் மேடம்தான் நம்பர் ஒன் சார்," என்றாள். "இவ்வளவு அழகா இறங்கின கோடு வேற யாருக்கும் கிடையாது. புதுசா சேர்ற டாக்டர்களுக்கு அதத்தான் காட்டுவோம். பிழைச்சவங்க கோடு இப்படி இருக்கும்னு."

சுவரில் கௌசிகாவின் படம் மாட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னிக்குக் காலைல இன்னொருத்தருக்கு அதே கோடு. அச்சு அசலா. பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கறவர், மயில்சாமின்னு. கௌசிகா மாதிரியே இவரும் தேறிட்டார், வீட்டுக்கு அனுப்பலாம்னு ஜோசியர் சொல்லிருச்சு. மேடம் வீட்டுக்குப் போன பிறகு எப்படித் தேறினாங்க, என்ன சாப்பிட்டாங்க, எப்ப நடந்தாங்கன்னு கேட்டு, அதையே அவருக்கும் சொல்லலாம்னு..." நிறுத்தினாள். "சார், அவர இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டிட்டுப் போயிருவாங்க. எமகண்டத்துக்கு முன்னாடி கிளம்பிரணும்னு அவர் சம்சாரம் ஒத்தக்கால்ல நிக்குது. கார் வந்தாச்சு."

பேசிக்கொண்டே ஃபோன் போட்டாள். வார்டு டாக்டர் தினகர் எடுக்கவில்லை. ரவுண்ட்ஸில் இருப்பாராம். குரல் பதிவு அனுப்பினாள். 'சார், மயில்சாமிய அனுப்பாதீங்க. நான் பேசறவரைக்கும் அனுப்பாதீங்க.' பிறகு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொன்று வந்தது. அந்தக் கோடு எதனுடைய கோடு என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சித்திரைக்குப் பிறகு எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கோடு எதக் காட்டுது?"

"அவங்களுக்கு என்ன நோய்னு சொன்னாங்க சார்?"

"கணையத்துல வீக்கம். பித்தப்பைக் கல் இறங்கி வாசல அடைச்சிருச்சு. கணையத்துச் சாறு குடலுக்குப் போய் முழிக்கறதுக்குப் பதிலா உள்ளேயே முழிச்சுக்கிச்சு. கணையம் தன்னையே ஜீரணம் பண்ணுதுன்னாங்க."

"சரிதான். ஆனா அதனால நேரா சாகறவங்க கம்மி சார்."

இது எனக்குப் புதிது.

"அடிபட்ட செல்லு சும்மா இருக்காது. கூப்பாடு போடும். நம்மள மாதிரி வாயால இல்ல. புரதத்தால. டி.என்.எஃப்.னு ஒண்ணு முதல்ல கிளம்பி அக்கம்பக்கத்த எழுப்பும். எழுந்தவங்க இன்டர்லூகின் ஆறுன்னு இன்னொண்ண ரத்தத்துல விடுவாங்க. அது ஊர் பூரா போய்ச் சொல்லும். காய்ச்சல் வரும். வெள்ளை அணுக்கள் ஓடி வரும். அவங்க உள்ள வர்றதுக்கு ரத்தக்குழாய் தன் சுவத்தையே தளர்த்தி வழி விடும்."

"உதவிதானே?"

"ஒரு வீட்டு அடுப்படில தீப்பிடிக்குது. நாலு பேர் வந்தா உதவி. சுத்துப்பட்டு மொத்தமும் வந்தா? சந்து அடைச்சுக்கும். பக்கத்து வீட்டு ஓட்ட மிதிச்சு உடைப்பாங்க. தீயே இல்லாத வீட்டுக்குள்ளயும் தண்ணிய ஊத்துவாங்க..."

"நுரையீரல்ல தண்ணி," என்றேன். அதைப் பார்த்திருக்கிறேன்.

"அதேதான் சார். தீ கணையத்துல. மூழ்கறது நுரையீரல், சிறுநீரகம். ஆள் சாகறது வந்த கூட்டத்தால."

கழுத்து நரம்பில் இருக்கும் ஊசி நிமிடத்துக்கு நிமிடம் அந்தப் புரதங்களை அளக்கும். அந்த அளவுதான் கோடு. கூப்பாடு அதிகமானால், அந்தப் புரதங்களைப் பிடித்து வாயடைக்கிற மருந்தை ஜோசியர் தானே சொட்டுவிடும். அடங்கினால் மருந்தைக் குறைக்கும். எவ்வளவு அடங்கினால் வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் அதுவே சொல்லும்.

"இது வந்த பிறகு சாவு பாதியாயிருச்சுன்னு சொல்லிட்டிருந்தோம்," என்றாள். பிறகு அவளே, "சொல்லிட்டிருந்தோம்," என்று இன்னொரு முறை சொன்னாள். மெதுவாக.

"இறங்கினா நல்லதுன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லித் தரல சார். அதுவே கத்துக்கும். பழைய நோயாளிங்களோட கோட்டையெல்லாம் பாக்கும். முடிவு என்னாச்சுன்னு பாக்கும். வார்டுல இறந்திருந்தா கெட்ட முடிவு. வீட்டுக்குப் போயிருந்தா நல்ல முடிவு."

"வீட்டுக்குப் போயிருந்தா?"

"ஆமா சார்."

"நம்ம ஊர்லயா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஆள் தேறாது என்று தெரிந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். உயிர் வீட்டில் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் போனால் அது ஒரு குறை. என் பெரியப்பாவை அப்படித்தான் கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸில் ஒருவர் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். கூடத்தில் படுக்க வைத்து, வாயில் பால் விட்டபிறகு பையை எடுத்தார். டிஸ்சார்ஜ் என்றுதான் அவருக்கும் எழுதினார்கள். ஜோசியர் பார்த்திருந்தால் அவரும் பிழைத்தவர்.

"இந்த மெஷின எந்த ஊர்ல செஞ்சாங்க?"

"வெளிநாடு சார். அங்கெல்லாம் முடியாதவங்கள யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதில்ல. வீட்டுக்குப் போனா பிழைச்சாங்கன்னுதான் அர்த்தம். இங்க கொண்டாந்து வெச்சப்ப அத யாரும் மாத்தல. நான் வந்தும் மாத்தல. எங்க தாத்தாவையே அப்படித்தான் கோட்டைமேட்டு வீட்டுக்குக் கொண்டாந்தோம். இருந்தும் எனக்கு உறைக்கல பாருங்க."

சாமி அறைக் கதவு திறந்தது. அத்தை வந்தார். கையில் கற்பூரத் தட்டு.

"ஆருங் மாப்ள வந்திருக்கறது?"

"ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்காங்க அத்தை."

அத்தையின் முகம் மலர்ந்தது. அந்த ஆஸ்பத்திரியின் மேல் அவருக்கு வருத்தம் கிடையாது. "வா அம்மிணி. காப்பி குடிச்சயா? மாப்ளைக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கக்கூடத் தெரியாது. எம்புள்ள இருந்தவரைக்கும் இவரு அடுப்படிப் பக்கமே வந்ததில்ல."

உட்கார்ந்து ஷிபானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். மருதமலை முருகன் கோயிலிலிருந்து துண்ணூறு, அதாவது திருநீறு, கொண்டுபோனது. உள்ளே விடமாட்டேன் என்ற வாட்ச்மேன் மனசு இளகியது. நெற்றியில் வைத்த அந்த நிமிடமே கோடு இறங்க ஆரம்பித்தது. "நர்சுப் பொண்ணு என்ற கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிக் காட்டுச்சு அம்மிணி. அம்மா, உங்க கைராசி பாருங்கன்னு. அதுக்கப்புறம் எம்புள்ள ஒருக்காக்கூட வலின்னு சொல்லல. அவன் கூப்புட்டுக்கிட்டான், அது வேற. ஆனா நோகாமக் கூப்புட்டுக்கிட்டான். வீட்டுல, என்ற கையால கஞ்சி காச்சற நேரத்துல, முருகான்னுட்டுத்தான் போனா."

அவள் உயிர் போனபோது அத்தை சமையலறையில் இருந்தார். அறையில் நான் மட்டும் இருந்தேன். அவளை எடுத்த அன்று யாரோ கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. 'வேற என்ன சொல்லியிருப்பா, சாமி பேரச் சொல்லியிருப்பா' என்றார் ஒரு சித்தப்பா. அத்தை தலையாட்டினார். காரியம் முடிவதற்குள் அது நடந்ததாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஷிபானா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்குச் சந்தேகமாவே இருக்கு சார்," என்றாள். "ஒரு கேஸ மட்டும் சொன்னா தினகர் சார் ஒத்துக்க மாட்டார். வேற யாருக்கெல்லாம் இப்படி வேகமா இறங்குச்சோ, அவங்களுக்கெல்லாம் ஃபோன் பண்ணிப் பாத்துரட்டுமா?"

எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஏன் என்று தெரியவில்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்திருக்கும்.

முதல் ஆள் வீட்டில் ஒரு பெண் எடுத்தாள். "அப்பாங்களா? அவர் தவறி வருஷமே ஆகப்போகுதுங்களே. நீங்க ஆரு?" ஷிபானா ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். "அங்க நல்லாத்தானுங் பாத்தாங்க," என்றாள் அந்தப் பெண். "வீட்டுக்கு வந்துதான்..."

இரண்டாவது ஆள் அவரே எடுத்தார். பின்னால் நாதஸ்வரம், பாத்திரச் சத்தம்.

"சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க!"

"ஆஸ்பத்திரில இருந்து பேசறோம் சார். நல்லா இருக்கீங்களா?"

"கல்லுக் குண்டு மாதிரி இருக்கேன்!"

"சாப்பாடெல்லாம் சொன்ன மாதிரி பாத்துக்கறீங்களா சார்? எண்ணெய், கறி எதுவும்..."

"அய்யோ, அதெல்லாம் விட்டு எத்தன நாளாச்சு! வெறும் ரசஞ்சோறுதான்."

பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "மாமா, குடல் வறுவல் இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா?"

"டேய், ஃபோன்ல இருக்கேன்டா!"

அத்தை சிரித்துவிட்டார். ஷிபானாவும் சிரித்தாள், வாயை முக்காட்டு நுனியால் மூடிக்கொண்டு. என் வாய் ஓரமும் அசைந்தது. அந்த அசைவு எனக்கே அந்நியமாக இருந்தது.

மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை. நான்காவதை எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். ஐந்தாவதில் ஒரு வயதானவர், யாரைக் கேட்கிறீர்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். ஷிபானா லேப்டாப்பை மூடினாள்.

"எல்லாம் ஒரே மாதிரி கோடு சார். ஒருத்தர் பந்தில உக்காந்து குடல் வறுவல் சாப்பிடறார். ரெண்டு பேர் நிச்சயமா இல்ல."

"ஆம்பியர் மாதிரி," என்றேன்.

"என்ன சார்?"

நான் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். சோதனைப் பிரிவு. அவளுக்கு விளக்கிச் சொன்னேன். "மோட்டார் தண்ணிய மேல தூக்கும்போது கரண்ட் நிறைய இழுக்கும். ஆம்பியர் மீட்டர் ஏறும். அது திடீர்னு இறங்கினா ரெண்டு காரணம். ஒண்ணு, தண்ணி போதும்னு யாரோ வால்வ மூடியிருக்கலாம். இல்லாட்டிக் கிணத்துல தண்ணி தீந்து, உள்ள வெறுங்காத்துல சுத்திட்டிருக்கும். டிரை ரன். ரெண்டுக்கும் மீட்டர்ல முள்ளு ஒரே மாதிரிதான் இறங்கும். மீட்டர மட்டும் பாத்துட்டு இருந்தா, லோடு குறைஞ்சிருச்சு, மோட்டார் சொகுசா ஓடுதுன்னு நெனைப்போம். சீல் கருகற வாசம் வந்தாத்தான் தெரியும்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வெளிய போய்க் குழாய் வாயில கை வெச்சுப் பாக்கணும்."

அவள் மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்தாள்.

"உடம்புலயும் அது உண்டு சார். புத்தகத்துல படிச்சிருக்கேன். ரொம்ப நேரம் கூப்பாடு போட்ட உடம்பு ஒரு கட்டத்துல ஓஞ்சு போயிரும். நாங்க வேற மருந்தக் குடுத்து வாயடைச்சு வெச்சிருக்கோம். அப்பக் கூப்பிடறதுக்கும் ஆளில்ல, கூப்பிட்டா வர்றதுக்கும் ஆளில்ல. குடல்ல இருக்கற கிருமி செத்துப்போன கணையத்துக்குள்ள குடியேறும். வெளிய ஒண்ணும் தெரியாது. வலி குறையும். காய்ச்சல்கூட வராது. காய்ச்சல் வர்றதுக்கே அந்தப் புரதம் வேணுமே."

"அப்பக் கோடு?"

"இறங்கும் சார். அழகா இறங்கும்."

அத்தையை மறந்துவிட்டோம். அவர் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"அப்ப நான் நெத்தில வெச்சப்ப எறங்குச்சே," என்றார். "அது நல்லதுக்கில்லீங்கறயா அம்மிணி?"

ஷிபானா எழுந்துவிட்டாள். "அம்மா, நீங்க துண்ணூறு வெச்சதுக்கும் கோட்டுக்கும் சம்மந்தம்..."

"சம்மந்தம் இருக்குன்னா நாந்தான் எம்புள்ளயக் கொன்னவ. சம்மந்தமில்லீன்னா என்ற சாமி அன்னிக்கு அங்க இல்ல. ரெண்டுல எது? படிச்ச புள்ளதானே, சொல்லு."

அத்தை டம்ளரை மேசைமேல் வைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஃபோன் அடித்தது. டாக்டர் தினகர்.

"என்னம்மா ஷிபானா, பேய் பிடிச்ச மாதிரி மெசேஜ் அனுப்பியிருக்க? ஆள் எழுந்து உக்காந்து இளநி குடிச்சிட்டிருக்காரு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. அந்தம்மா பொட்டியெல்லாம் கட்டிருச்சு."

அவள் சொன்னாள். கௌசிகா உயிரோடு இல்லை என்பதில் ஆரம்பித்தாள். வேகமாக, மூச்சு வாங்காமல்.

"எந்த கௌசிகா? நம்ம கௌசிகாவா?"

'நம்ம' என்றார். அவள் அங்கே எல்லோருக்கும் பழக்கமான பெயராகிவிட்டிருக்கிறாள்.

"ஆமா சார். மறுநாளே."

"அந்தப் பொண்ணு எனக்குக் கையாட்டிட்டுப் போச்சேம்மா." பிறகு குரல் மாறியது. "சரி. நீ சொல்றது மாதிரியே இருக்கட்டும். ஒரே கோடு, ஆனா ரெண்டு வகை ஆளு. நான் இவர எந்த வகைன்னு எப்படிப் பிரிக்கறது? ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்க ரெண்டு நாள் ஆகும். வெளிய மூணு பேர் கட்டிலுக்குக் காத்திருக்காங்க. அந்தம்மாகிட்ட நான் என்ன காரணம் சொல்லி நிறுத்தறது? ஜோசியர் போலாம்னு சொல்லுது, எனக்கு மட்டும் மனசு சரியில்லைன்னா?"

"சார், மேடத்தோட ஹஸ்பண்ட் இங்கதான் இருக்கார்."

"குடு."

அவள் ஃபோனை என் பக்கம் நகர்த்தினாள். ஸ்பீக்கரிலேயே இருந்தது.

"சார், உங்க கஷ்டம் தெரியாமப் பேசிட்டேன். மன்னிக்கணும்," என்றார் தினகர். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். வீட்டுக்குப் போன பிறகு அவங்களுக்கு நினைவு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"பேசினாங்களா?"

"பேசினா."

"கடைசியா என்ன பேசினாங்க? அப்படியே சொல்லுங்க. அர்த்தம் இல்லாததா இருந்தாலும் பரவால்ல. எனக்கு எடுத்துக் கட்டினது வேணாம், அவங்க வாயில வந்தது வேணும். அத வெச்சுட்டு நான் இவர்கிட்டப் போய்ப் பாக்கறேன்."

அத்தை என் எதிரில் நின்றிருந்தார். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அன்னூரில் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லித்தான் அவர் தூங்குகிறார். நான் வாயைத் திறந்தால் அதுவும் போகும்.

"சார், லைன்ல இருக்கீங்களா? கார ஸ்டார்ட் பண்ணிட்டாங்க."

"இருக்கேன்."

அத்தை என்னையே பார்த்தார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கலாம்.

"அவ முருகான்னு சொல்லலீங்களா மாப்ள?"

"இல்லீங்க அத்தை."

தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஏதோ கேட்பதற்குத் தயாராகிறவர் மாதிரி.

"அப்ப அவ என்ன சொன்னாளோ அதையே சொல்லுங். அந்தக் கோழிப்பண்ணக்காரனப் பெத்தவளும் எங்கியோ உக்காந்து சாமி கும்புட்டுட்டுத்தான் இருப்பா. எனக்கும் கேக்கோணும். என்ற பொண்ணு பேசினதுதானே."

மயில்சாமியை அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் தினகர் அவர் கட்டிலுக்குப் போனார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்ததும் காரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். வாயடைக்கிற மருந்தை நிறுத்தினார்கள். வயிற்றைத் திறந்தார்கள். அவருடைய மனைவி தினகரை எமன் என்று வார்டே கேட்கத் திட்டினார். மயில்சாமி பிழைத்தார், பாதிக் கணையத்தோடும் தினசரி இன்சுலின் ஊசியோடும். ஜோசியருக்கு இப்போது வேறு மாதிரி பாடம் நடக்கிறது. வீட்டுக்குப் போனவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் ஷிபானா. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறார். அந்த வீடுகளில் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஃபோன் மேசைமேல் இருந்த அந்த நிமிடத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. என்னிடம் இருந்தது சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்று. அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வீட்டில் ஒரு சாமானும் ஓடவில்லை. என் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். நான் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள். அந்தக் குரலை என்னால் கொண்டுவர முடியவில்லை. சொற்களை மட்டும் சொன்னேன்.

"மாமா, அந்த ஃபேன நிறுத்தித் தொலைங்களேன்."